கலைஞர் வாழ்வும் திரைவடிவமும்: ‘யோகி வேமனா’ முதல் ‘ரேவன்ஸ்’ வரை

முன்னுரை

கலைஞர் ஒருவரின் வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டு எடுக்கப்படும் திரைப்படம் இருவகைக் கடப்பாடுகளை உடையது. நிகழ்ந்த வாழ்க்கைக்கு உண்மையாக இருத்தல் ஒன்று. அக்கலைஞரின் படைப்பைப் பார்வையாளர் உணருமாறு செய்தல் மற்றொன்று. இவ்விரண்டும் எப்போதும் ஒத்துச் செல்வதில்லை. கலைஞரின் மனம் துயரும் முரண்பாடும் நிறைந்ததாக இருக்கும்போது இச்சிக்கல் மேலும் கூர்மையடைகின்றது. துயரைக் கலைக்குரிய விலை எனக் கொள்வதா, குற்றம் எனக் கொள்வதா, அன்றி அருள்நிலைக்குச் செல்லும் படி எனக் கொள்வதா என்னும் வினாவிற்கு இயக்குநர் விடை கண்டாக வேண்டும்.

ஜப்பானிய ஒளிப்படக் கலைஞர் மசாஹிசா ஃபுக்காசேயின் வாழ்க்கையை ‘ரேவன்ஸ்’ என்னும் பெயரில் பிரித்தானிய இயக்குநர் மார்க் கில் 2024ஆம் ஆண்டில் திரைப்படமாக்கியுள்ளார். இப்படம் எழுப்பும் வினாக்கள் தென்னிந்தியத் திரைக்குப் புதியன அல்ல. சித்தூர் நாடக மேடையில் உருவான நடிகர் வி. நாகையா 1940களில் நடித்த அடியார், புலவர் வாழ்க்கைப் படங்களும், திருமலைக் கோயிலோடு இணைந்து வாழ்ந்த அன்னமாச்சாரியரைப் பற்றி 1997இல் வெளிவந்த ‘அன்னமய்யா’வும் இதே வினாக்களை வேறுவகையில் எதிர்கொண்டுள்ளன. இப்படங்களை ‘ரேவன்ஸ்’ படத்தோடு ஒப்பவைத்து, கலைஞரின் துயர் திரைவடிவம் பெறும் முறையை இக்கட்டுரை ஆராய்கின்றது. ஒப்பீட்டுக்குரிய அளவுகோல்களாக மூன்று கொள்ளப்பெறுகின்றன: இழப்பு மீட்கப்படுகின்றதா என்பது ஒன்று, அகப்போராட்டம் எவ்வடிவில் புறத்தே காட்டப்படுகின்றது என்பது இரண்டு, கலைஞரோடு வாழ்ந்தோரின் குரல் கேட்கப்படுகின்றதா என்பது மூன்று.

வாழ்க்கை வரலாற்று மரபு

அடியார் வாழ்க்கையைக் கதையாகக் கூறும் மரபு தமிழில் தொன்மையானது. சேக்கிழாரின் பெரியபுராணம் இதற்குப் பெருஞ்சான்று. சோதனை, இழப்பு, மீட்பு என்னும் மூன்று நிலைகள் அந்நூலின் பல வரலாறுகளில் அமைந்துள்ளன. இன்றைய திருப்பதி மாவட்டத்தில் உள்ள காளத்தியில் நிகழ்ந்ததாகக் கூறப்பெறும் கண்ணப்பர் வரலாறும், பிள்ளையை அமுதாக்கிய சிறுத்தொண்டர் வரலாறும் இவ்வமைப்பை உடையன. கண்ணப்பர் தம் கண்ணை இடந்து அப்புகின்றார், இறைவன் தடுத்தாட்கொள்கின்றான். சிறுத்தொண்டர் மகனை இழக்கின்றார். மகன் மீண்டு வருகின்றான். இழப்பு எத்துணைக் கொடியதாயினும் இறுதியில் அது ஈடுசெய்யப்படும் என்னும் நம்பிக்கையே இவ்வமைப்பின் உயிர்நிலை.

தென்னிந்தியப் பேசும்படம் தோன்றிய காலத்தில் இம்மரபு நாடக மேடை வழியாகத் திரைக்கு வந்து சேர்ந்தது. பாட்டும் வசனமும் அறிந்த நடிகர், ஏற்கெனவே தெரிந்த கதை, மீட்பில் முடியும் உச்சக்காட்சி ஆகிய மூன்றும் அக்காலப் படங்களுக்குப் போதுமானவையாக இருந்தன. கதை முடிவு பார்வையாளருக்கு முன்னரே தெரியும். ஆதலின் அடுத்து என்ன நிகழும் என்னும் ஆவல் அங்கு இல்லை. நிகழ்வதை நடிகர் எவ்வாறு தாங்குகின்றார் என்பதே சுவைக்குரியதாயிற்று. நாகையாவின் கலை வளர்ந்த சூழல் இதுவே.

சித்தூரும் நாகையாவும்

சித்தூர் மாவட்டம் 1911இல் உருவாக்கப்பெற்றது. தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கிய பகுதி அது. 1953இல் அமைந்த ஆந்திர மாநிலத்தில் அது சேர்ந்தது. அதன் பகுதியாக இருந்த திருத்தணி 1960இல் சென்னை மாநிலத்தோடு இணைக்கப்பெற்றது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பெற்றது. நிருவாக எல்லைகள் இவ்வாறு பலமுறை மாறியபோதிலும், இருமொழிப் பார்வையாளரைக் கொண்ட ஊர் என்னும் தன்மை சித்தூர்க்கு உரியதாகவே இருந்து வந்துள்ளது.

நாகையா 1904இல் குண்டூர் மாவட்டத்து ரேபல்லேயில் பிறந்தவர். எனினும் சித்தூர் இராமவிலாச சபையின் நாடகங்களில் நடித்துப் புகழ்பெற்றமையால் அவ்வூர்ப் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1938இல் ‘கிருகலட்சுமி’ படத்தின் வழியாகத் திரையுலகிற்கு வந்தார். பாடும் ஆற்றலும் இசையமைக்கும் ஆற்றலும் அவர்க்கு இருந்தன. தெலுங்கில் போதனர், வேமனர், தியாகராசர், இராமதாசர் ஆகியோராக நடித்தார். தமிழில் ‘அசோக்குமார்’ (1941) படத்தில் தியாகராச பாகவதரோடும், ‘மீரா’ (1945) படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமியோடும் நடித்தார். ‘சக்ரதாரி’ (1948) படத்தில் குயவராகிய கோரா கும்பர் வேடம் ஏற்றார்.

ஒரே நடிகர் இத்தனை அடியார், புலவர் வேடங்களை ஏற்றமை திரைப்பட வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. தனித்தனி மனிதர்களின் வேறுபாடுகளை அழித்து, அனைவரையும் ஒரே சாந்தமுகம் உடையவராக்கிவிடும் இடர் இதில் உண்டு. நாகையா இவ்விடரை எல்லாப் படங்களிலும் வென்றார் எனக் கூறுதல் அரிது. ஆயின் 1947இல் வெளிவந்த ‘யோகி வேமனா’வில் அவர் அதனை வென்றுள்ளார் எனலாம்.

‘யோகி வேமனா’: மீளாத இழப்பு

வேமனர் தெலுங்கு மக்களிடையே பெருவழக்குடைய புலவர். ஆடவெலதி என்னும் யாப்பில் அமைந்த அவர்தம் பாடல்கள் சடங்கையும் சாதியையும் போலித்துறவையும் சாடுவன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சி.பி. பிரவுன் அவற்றைத் திரட்டி, 1829இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். தமிழ்ச் சித்தர் பாடல்களோடும் பட்டினத்தார் பாடல்களோடும் ஒப்பிடத்தக்க அப்பாடல்கள் நிலைபெற்ற அளவிற்கு, அவற்றைப் பாடியவரின் வாழ்க்கைச் செய்திகள் நிலைபெறவில்லை. கதிரிக்கு அருகிலுள்ள கடாருபல்லியில் அவர்தம் சமாதி இருப்பதாக மக்கள் வழிபடுகின்றனர். ஏனையவை பெரும்பாலும் செவிவழிக் கதைகளே.

அச்செவிவழிக் கதைகளுள் ஒன்று வேமனரின் துறவிற்குக் காரணம் கூறுகின்றது. பரத்தையின் வேட்கைக்காக அண்ணியின் அணிகலன்களைக் கேட்ட வேமனரிடம், அவற்றை அணிந்த அப்பெண்ணை ஆடையின்றிக் காணுமாறு அண்ணி நிபந்தனை விதித்தார் என்றும், அக்காட்சியால் எழுந்த அருவருப்பே துறவிற்கு வித்தாயிற்று என்றும் அக்கதை கூறும். பெண்ணுடலை இழித்துக் கூறித் துறவை உயர்த்தும் இப்போக்கு தமிழ்ச் சித்தர் மரபிலும் காணப்படுவதே.

கே.வி. ரெட்டி இயக்கிய திரைப்படம் துறவின் முழுப்பளுவையும் இக்கதையின்மேல் ஏற்றவில்லை. வேமனர் குறுநிலத் தலைவன் ஒருவனின் தம்பி. இன்பத்தை நாடும் இளைஞர். மோகனாங்கி என்னும் ஆடல்மகளிடம் ஈடுபட்டவர். அவள் பொருட்டு அரசுக்குரிய பொருளைச் செலவிடுகின்றார். அதன் விளைவை அண்ணன் குடும்பம் தாங்குகின்றது. இழந்த பொருளை ஈட்டும் பொருட்டுப் பொற்கொல்ல நண்பன் அபிராமனோடு சேர்ந்து இரசவாதத்தில் இறங்குகின்றார். பொன்னின்மேல் கண்ணாக அவர் இருக்கும் வேளையில், அவர்மேல் உயிரையே வைத்திருந்த அண்ணன் மகள் ஜோதி நோயுற்று இறக்கின்றாள். பொன் கைக்கு வருகின்றது; குழந்தை வருவதில்லை.

இம்மாற்றம் சிறிதன்று. அருவருப்பால் விளைந்த துறவு, இங்குக் குற்றவுணர்வால் விளைந்த துறவாக மாறுகின்றது. துறவுக்கான பழியைப் பெண்ணுடல் சுமப்பதில்லை, வேமனரே சுமக்கின்றார். மேலும், அக்குழந்தை மீட்கப்படுவதில்லை. பெரியபுராண அமைப்பில் பழகிய பார்வையாளர்க்கு இது எதிர்பாராத முடிவு. இறைவன் தோன்றவில்லை, குழந்தையை எழுப்பவில்லை. சுடுகாட்டில் தனித்து நிற்கும் மனிதன் ஒருவனே எஞ்சுகின்றான். அவன் பிற்காலத்தில் பாடும் பாடல்களில் உள்ள கசப்பிற்கு அவ்விழப்பே வேராகின்றது.

நாகையாவின் நடிப்பு இவ்விடத்தில் தனித்து மதிக்கத்தக்கது. அக்காலத்து மேடை நடிகர்கள் துயரத்தை ஓங்கிய குரலால் வெளியிட்டனர். நாகையா குரலைத் தாழ்த்துகின்றார். சொற்களுக்கிடையே இடைவெளி விடுகின்றார். தம் பாடலைத் தாமே பாடுவதால் பேச்சிலிருந்து பாட்டிற்குச் செல்லும்போது குரல் மாறுவதில்லை. துயருறும் மனிதனும் பாடும் புலவனும் ஒருவனே என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

‘சக்ரதாரி’யோடு ஓர் ஒப்பீடு

அடுத்த ஆண்டிலேயே ஜெமினி நிறுவனத்தின் ‘சக்ரதாரி’ வெளிவந்தது. மராட்டிய அடியாராகிய கோரா கும்பர், விட்டலன் பெயரைப் பாடிக் களிமண்ணை மிதிக்கையில் தம் குழந்தையையே மிதித்துவிட்டார் என்பது அவர்தம் வரலாறு. அருளால் குழந்தை மீண்டும் உயிர்பெறுகின்றது. இங்கும் கலைஞனின், அடியவனின் ஈடுபாட்டிற்குக் குழந்தை ஒன்று பலியாகின்றது. இங்கும் அத்தந்தையாக நடித்தவர் நாகையாவே.

இரு படங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தெளிவானது. கோரா கும்பரின் மெய்ம்மறதி பக்தியின் உச்சம் எனப் போற்றப்படுகின்றது. ஆதலின் அதன் விளைவு நீக்கப்படுகின்றது. வேமனரின் மெய்ம்மறதி பொன்னாசையால் வந்தது. ஆதலின் அதன் விளைவு நிலைக்கின்றது என அறநூல் நோக்கில் காரணம் கூறலாம். ஆயினும் பார்வையாளர் நெஞ்சில் எழும் வினா இக்காரணத்தால் அடங்குவதில்லை. மண்ணில் மிதிபட்ட குழந்தைக்கும், நோயில் தனித்து இறந்த குழந்தைக்கும் பெரியோரின் நோக்கம் எதுவாயினும் நேர்ந்தது ஒன்றே. பிறர் செலுத்தும் விலையில் ஒருவர் மேன்மை பெறுதல் முறையா என்னும் வினாவை ‘சக்ரதாரி’ மீட்பினால் மூடுகின்றது. ‘யோகி வேமனா’ திறந்தே வைக்கின்றது. நூற்றாண்டின் பிற்பகுதியில் மேனாட்டு வாழ்க்கை வரலாற்றுப் படங்கள் பெரிதும் கையாண்ட வினாவும் இதுவே.

‘அன்னமய்யா’: அருளில் கரையும் முரண்

பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியர் திருவேங்கடமுடையான்மீது பல்லாயிரம் சங்கீர்த்தனங்களை இயற்றியவர். அவற்றுள் ஆன்மிகப் பாடல்களும் சிருங்காரப் பாடல்களும் உண்டு. செப்பேடுகளில் பொறிக்கப்பெற்றுத் திருமலைக் கோயிலின் சிறு அறையில் நெடுங்காலம் கிடந்த அவை இருபதாம் நூற்றாண்டில் வெளிக்கொணரப்பெற்றன. சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, இராள்ளப்பள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலிய அறிஞர்களின் உழைப்பால் அவை பதிப்பும் இசையும் பெற்றன. வேமனரைப் போலன்றி, இவர்க்கு எழுத்து வடிவில் வாழ்க்கை வரலாறும் உண்டு. பேரனாகிய சின்னன்னா அதனைத் துவிபத யாப்பில் பாடியுள்ளார். ஆதலின் இவர் வாழ்க்கை, குடும்பத்தாரின் போற்றுதல் நோக்கிலேயே நமக்குக் கிடைத்துள்ளது என்பதனை மறத்தல் ஆகாது.

கே. இராகவேந்திர ராவ் இயக்கி நாகார்ச்சுனா நடித்த ‘அன்னமய்யா’ இவ்வரலாற்றைப் பின்பற்றியும் விரித்தும் செல்கின்றது. இளமைக் காதல், திருமலைப் பயணம், அரசன் சாளுவ நரசிம்மனோடு நேர்ந்த முரண் ஆகியவை அதன் பகுதிகள். தன்னைப் புகழ்ந்து பாடுமாறு கேட்ட அரசனைப் புலவர் மறுத்ததும், அதனால் விலங்கிடப்பெற்றதும், விலங்கு அருளால் அறுந்ததும் படத்தின் முதன்மை நிகழ்வுகள். எம்.எம். கீரவாணியின் இசை இப்படத்திற்குத் தேசிய விருதினைப் பெற்றுத் தந்தது. சங்கீர்த்தனங்களைப் பொதுமக்களிடம் பரப்பியதில் இப்படத்தின் பங்கு பெரிது.

எனினும் திறனாய்வு நோக்கில் ஒரு குறை சுட்டத்தக்கது. ஒரே மனிதர் துறவின் ஏக்கத்தையும் காமத்தின் நுண்மையையும் பல்லாயிரம் பாடல்களில் எவ்வாறு பாடினார் என்பதே அன்னமாச்சாரியர் வாழ்க்கையின் அடிப்படை வினா. அதனை இப்படம் காலவரிசையாகப் பிரித்துவிடுகின்றது. இளமையில் சிருங்காரம், பின்னர் பக்தி என்னும் எளிய வரிசையில் அம்முரண் கரைந்துபோகின்றது. பாடல்களிலோ அவை இறுதிவரை ஒன்றோடொன்று பிணைந்தே நிற்கின்றன.

மேலும், அவர்தம் துணைவியருள் ஒருவராகிய திம்மக்கா ‘சுபத்ரா கல்யாணம்’ பாடியவர். தெலுங்கின் முதற் பெண்பாற் புலவர் எனப் போற்றப்பெறுபவர். திரைப்படம் அவரைக் காதலியாகவும் மனைவியாகவுமே முன்னிறுத்துகின்றது. ஒரு வீட்டில் இரு புலவர்கள் வாழ்ந்தனர் என்னும் அரிய செய்தி, திரைக்கதைக்கு வளம் சேர்த்திருக்கக் கூடியது, பயன்படாமற் போயிற்று.

‘ரேவன்ஸ்’: ஃபுக்காசேயின் வாழ்வு

மசாஹிசா ஃபுக்காசே 1934இல் ஜப்பானின் வடபகுதியாகிய ஹொக்கைதோவில் பிஃபுக்கா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் குடும்பத்தார் அங்கு ஒளிப்பட நிலையம் நடத்தியவர்கள். மூத்த மகனாகிய அவர் அதனை ஏற்று நடத்துவார் என எதிர்பார்க்கப்பெற்றார். அவரோ தோக்கியோவில் கல்வி கற்று அங்கேயே தங்கிவிட்டார். 1964இல் யோகோவை மணந்தார். அடுத்த பத்தாண்டுகளுக்கு மேலாக அவர்தம் ஒளிப்படங்களின் முதன்மைப் பொருளாக யோகோவே இருந்தார். வேலைக்குப் புறப்படும் மனைவியை அடுக்குமாடி வீட்டின் சாளரத்திலிருந்து நாள்தோறும் எடுத்த படவரிசை பெரிதும் அறியப்பெற்றது. தம்மோடு வாழ்ந்தவர் தம்மைக் கருவியின் வழியாகவே கண்டார் என்றும், அப்படங்களில் இருந்தது தாமல்லர், அவரே என்றும் பொருள்பட யோகோ எழுதியுள்ளார். 1976இல் மணமுறிவு ஏற்பட்டது.

அக்காலத்தில் தொடங்கி 1982 வரை ஃபுக்காசே காகங்களை எடுத்தார். இருண்ட வானில் பறப்பன, பனியில் அடிச்சுவடு பதிப்பன, கிளைகளில் கூட்டமாக அமர்ந்து கண்கள் மட்டும் ஒளிர்வன என அப்படங்கள் அமைந்தன. 1986இல் அவை நூலாயின. தாமே காகமாகிவிட்டதாக அவர் கூறியதும் உண்டு. 1992இல் தாம் வழக்கமாகச் செல்லும் மதுக்கடையின் படிக்கட்டில் விழுந்து மூளையில் காயமுற்றார். அதன்பின் 2012இல் இறக்கும்வரை இருபது ஆண்டுகள் பிறர் பராமரிப்பிலேயே வாழ்ந்தார்; மீண்டும் படம் எடுக்கவில்லை. மறுமணம் செய்துகொண்டிருந்த யோகோ அவரைச் சென்று கண்டுவந்தார்.

தடனோபு அசானோ ஃபுக்காசேயாகவும், குமி தகியுச்சி யோகோவாகவும் நடித்துள்ளனர். தந்தையோடு நேர்ந்த பிணக்கு, திருமண வாழ்வு, பிரிவு, மதுப்பழக்கம், விபத்து ஆகியன படத்தின் நிகழ்வுகள். இவற்றினிடையே மனித உருவளவான காகம் ஒன்று ஃபுக்காசேயின் முன் தோன்றி உரையாடுகின்றது, தூண்டுகின்றது, ஏளனம் செய்கின்றது.

அகப்போராட்டத்தின் புறவடிவம்

பேசும் காகம் இந்தியப் பார்வையாளர்க்கு அயன்மையாகத் தோன்ற வேண்டியதில்லை. ‘அன்னமய்யா’வில் திருவேங்கடமுடையான் மனித உருவில் வந்து புலவரோடு பேசுகின்றான். கலைஞனை இயக்கும் ஆற்றலுக்கு உடல் கொடுத்துக் காட்டும் உத்தி இரண்டிலும் ஒன்றே. ஒன்றில் அவ்வாற்றல் அருள். மற்றொன்றில் அது அழிவு. இரண்டுமே கலைஞனின் பொறுப்பைக் குறைக்கின்றன என்பது கருதத்தகும். பாடியது இறைவன் அருளே எனில் புலவரின் உழைப்பு மறைகின்றது. வருத்தியது காகமே எனில் கணவனின் குற்றம் மறைகின்றது.

‘யோகி வேமனா’வில் இத்தகைய புறவுருவம் நடுநாயகமாக அமையவில்லை. வேமனரை இரசவாதத்தில் ஈடுபடுத்துபவன் நண்பனே; ஆயின் ஈடுபட்டவர் வேமனர்தாம் என்பது ஐயமின்றிப் புலப்படுகின்றது. இவ்வகையில் 1947ஆம் ஆண்டுப் படம் 2024ஆம் ஆண்டுப் படத்தினும் கண்டிப்பானது.

காகம் என்னும் குறியீடும் மொழிவழி ஆராயத்தக்கது. ஜப்பானிய மொழியில் ‘கராசு’ என்னும் ஒரு சொல்லே இவ்வினப் பறவைகள் அனைத்தையும் சுட்டும். ஃபுக்காசேயின் நூற்பெயரும் அதுவே. 1991இல் வெளிவந்த ஆங்கிலப் பதிப்பு, காகங்களின் தனிமை எனப் பொருள்படுமாறு பெயரை விரித்தது. மூலத்தில் இல்லாத தனிமை என்னும் சொல் அவ்வாறு சேர்ந்தது. மேலும் ஆங்கிலச் சொல் அண்டங்காக்கையையே குறிக்கும்; எட்கர் ஆலன் போவின் கவிதைக்குப்பின் அச்சொல்லில் இறப்பின் நிழல் படிந்துள்ளது. ஜப்பானியத் தொன்மத்திலோ மூன்று காலுடைய காகம் ஒன்று பேரரசனுக்கு வழிகாட்டியதாகக் கூறப்படும். தமிழ் மரபில் காக்கை முன்னோர்க்கு இடும் சோற்றை ஏற்பது. கரைந்தால் விருந்து வரும் என்பது நம்பிக்கை. அந்நம்பிக்கையைப் பாடியமையாலேயே சங்கப் புலவர் ஒருவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் எனப் பெயர் பெற்றார். இவ்வாறு பல பொருள் தாங்கிய பறவையைத் திரைப்படம் இருண்மை என்னும் ஒரே பொருளில் அடைக்கின்றது. ஃபுக்காசேயின் படங்களில் காகங்கள் பேசுவதில்லை. அவை என்ன கருதின என்பது கூறப்படாமையே அப்படங்களின் ஆற்றல். பேசவைத்ததன் வழித் திரைப்படம் அவ்வாற்றலை ஓரளவு இழந்துள்ளது.

துணையின் குரல்

மூன்றாம் அளவுகோலில் ‘ரேவன்ஸ்’ ஏனைய படங்களை விஞ்சி நிற்கின்றது. யோகோ அதில் தூண்டுகோலாக மட்டும் அமையவில்லை. அவர் விளையாட்டாகப் படத்திற்கு நிற்கின்றார், பின்னர்ச் சலிப்புறுகின்றார், தமக்கெனத் தொழிலும் விருப்பமும் நாடுகின்றார், இறுதியில் வெளியேறுகின்றார். அவர் வெளியேறுதல் கலைஞனுக்கு நேர்ந்த இடராக மட்டும் காட்டப்படாமல், அவர் தமக்குத் தாமே செய்துகொண்ட நீதியாகவும் காட்டப்படுகின்றது. படைப்பில் தம் பங்கு என்ன என்னும் யோகோவின் வினா படம் முழுதும் ஒலிக்கின்றது.

இவ்வினாவைத் தென்னிந்தியப் படங்களின்மேல் வைத்துப் பார்க்கும்போது அவற்றின் வெற்றிடங்கள் புலனாகின்றன. மோகனாங்கி இழந்தது என்ன என்பது ‘யோகி வேமனா’வின் மைய வினாவாக இல்லை. திம்மக்கா பாடியது ‘அன்னமய்யா’வின் கதையில் இடம்பெறவில்லை. தமிழில் 1962இல் வெளிவந்த ‘பட்டினத்தார்’ போன்ற படங்களும் துறந்தவரின் பக்கமே நின்றன. துறந்து செல்பவரைப் பற்றிய கதைகளில் துறக்கப்பட்டோர் பேசுவதற்கு வாய்ப்புக் குறைவு. இதனைப் பிற்காலத்து நெறியால் முற்காலத்தைப் பழிப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. ஜோதியின் இறப்பை மீட்காமல் விட்டதன் வழி, கே.வி. ரெட்டி துறக்கப்பட்டோரின் பக்கம் ஒரு சாளரத்தைத் திறந்தார். அதன் வழியே பிறர் செல்லவில்லை என்பதே வருந்துதற்குரியது.

வாழ்வு படைப்பை விளக்குமா?

வாழ்க்கை வரலாற்றுப் படங்கள் பொதுவாக ஒரு பிழையை நோக்கிச் சாய்வன. வாழ்வின் நிகழ்ச்சியைக் காரணமாகவும் படைப்பை அதன் விளைவாகவும் காட்டுவதே அது. மனைவி பிரிந்தார், ஆதலின் காகங்கள் பிறந்தன என்பது அத்தகைய விளக்கம். மணமுறிவு கண்டோர் பலர். அவரெல்லாம் காகங்களை அவ்வாறு காணவில்லை. ஒளியையும் இருளையும் ஆளும் பயிற்சி, ஹொக்கைதோவின் பனி, ஒளிப்பட நிலையத்தில் கழிந்த இளமை ஆகியவையும் அப்படங்களில் உள்ளன. ‘ரேவன்ஸ்’ இவற்றைக் குறிப்பிடாமல் விடவில்லை. எனினும் துயரக்கதையின் வேகத்தில் கைத்தொழிலின் பொறுமை பின்தள்ளப்படுகின்றது.

திரைப்படத்தில் பாடலும் ஒளிப்படமும் பெறும் இடம் வேறுபட்டது என்பதும் இங்கு நினைக்கத்தகும். வேமனரின் பாடலை நாகையா பாடும்போது அப்பாடல் முழுமையாக நம்முன் நிகழ்கின்றது. ஒளிப்படமோ அசையாதது; தனித்து நெடுநேரம் நோக்குதற்குரியது. அசையும் படத்தினுள் அது சில நொடிகள் தோன்றி மறைகின்றது. ஆதலின் புலவரைப் பற்றிய படம் தன் நாயகரின் கலையைத் தானே தாங்க முடியும். ஒளிப்படக் கலைஞரைப் பற்றிய படம் அதனைச் சுட்ட மட்டுமே முடியும். இக்குறை இயக்குநருடையது அன்று; ஊடகத்தின் இயல்பு. ஃபுக்காசேயை அறிய விரும்புவோர் திரையரங்கிலிருந்து அவர்தம் நூலுக்குச் செல்ல வேண்டும்.

நாகையாவின் வாழ்வையும் இத்தொடர்பில் எண்ணிப் பார்த்தல் பொருந்தும். ‘தியாகய்யா’ (1946) படத்தைத் தயாரித்து, இயக்கி, இசையமைத்து, நடித்த அவர் ஒரு காலத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். கேட்டோர்க்கெல்லாம் கொடுத்தவர் எனப் புகழப்பெற்றவர். சொந்தத் தயாரிப்புகளின் இழப்பும் கொடையும் சேர்ந்து பிற்காலத்தில் அவரை வறுமையில் ஆழ்த்தின. 1965இல் பத்மஸ்ரீ பட்டம் பெற்ற அவர், 1973இல் மறையும்வரை தந்தையாகவும் முனிவராகவும் சிறு வேடங்களில் நடித்து வந்தார். அவர் ஏற்ற அடியார் வேடங்களே அவரை அவ்வாறு ஆக்கின எனக் கூறுவது கேட்போர்க்கு இனிமையாக இருக்கலாம். ஆயின் அதுவும் மேற்கூறிய பிழையின் மற்றொரு வடிவமே. படத்தொழிலின் கணக்கும் சந்தையின் போக்கும் அவ்வீழ்ச்சியில் பங்குகொண்டன. மனிதரை அவர் வேடத்தால் விளக்குவதும், படைப்பை அவர் துயரால் விளக்குவதும் ஒரே எளிமைப்படுத்தலின் இருபக்கங்கள்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

சோதனை, இழப்பு, மீட்பு என்னும் பழைய அமைப்பைச் ‘சக்ரதாரி’யும் ‘அன்னமய்யா’வும் பேணின. ‘யோகி வேமனா’ மீட்பினை விலக்கி, இழப்பைக் கலைஞரின் பொறுப்பாக்கியது. இவ்வகையில் அது ‘அன்னமய்யா’வினும் ‘ரேவன்ஸ்’ படத்திற்கே நெருங்கியது.

அகப்போராட்டத்திற்குத் தனியுடல் கொடுத்துக் காட்டும் உத்தி, அருள் வடிவிலாயினும் அழிவு வடிவிலாயினும், கலைஞரின் பொறுப்பையும் உழைப்பையும் மறைக்கும் தன்மையது. இதில் ‘ரேவன்ஸ்’ தன் பொருளுக்கு முழுநீதி செய்யவில்லை.

கலைஞரோடு வாழ்ந்தோரின் குரலைக் கேட்கச் செய்ததில் ‘ரேவன்ஸ்’ முன்மாதிரியாக அமைகின்றது. திம்மக்கா போன்றோரின் வாழ்வும் படைப்பும் திரைக்கு வரவேண்டிய தேவையை அது உணர்த்துகின்றது.

சித்தூர் மேடையிலிருந்து வந்த ஒரு நடிகர் தம் தாழ்ந்த குரலால் 1947இல் காட்டிய துயரமும், ஹொக்கைதோவின் ஒளிப்படக்காரரைப் பற்றி 2024இல் காட்டப்பெற்ற துயரமும் ஒரே வினாவில் சந்திக்கின்றன. கலையின் பொருட்டுப் பிறர் செலுத்திய விலையைக் கணக்கில் கொள்ளாத வாழ்க்கை வரலாறு நிறைவுடையதாகாது. புகழுரைக்கும் பழியுரைக்கும் இடையே அக்கணக்கை நேர்மையாக எழுதும் படங்களே இத்துறையில் நிலைக்கத்தக்கன எனலாம்.